பாட்டியின் மடியும் அம்மாவின் சொல்லும்

கேள்வி: சிங்கப்பூரில், செங்காங்கில் ஐந்தறை வீட்டில் வசிக்கிறோம். எனக்கு 36 வயது, கணக்காளராக வேலை பார்க்கிறேன். மூன்று ஆண்டுகளுக்கு முன் மாமனாரும் மாமியாரும் யீஷூனில் இருந்த தங்கள் வீட்டை விற்றுவிட்டு எங்களோடு வந்துவிட்டார்கள். திருமணமாகாத கொழுந்தனும் உடன் இருக்கிறார். மகன் தொடக்கநிலை இரண்டில் படிக்கிறான். மகளுக்கு நான்கு வயது, அரைநாள் பாலர்பள்ளிக்குப் போகிறாள். மற்ற நேரம் முழுவதும் இருவரையும் அத்தைதான் பார்த்துக்கொள்கிறார். அவருக்கு 67 வயது, முழங்கால் வலி வேறு.

கையடக்கக் கணினியில் ஏதாவது ஓடினால்தான் பிள்ளைகள் சாப்பிட வாய் திறக்கிறார்கள். எட்டு வயதுப் பையனுக்கு அத்தை இன்னும் ஊட்டிவிடுகிறார். நான் கண்டித்தால் அவன் பாட்டி அறைக்குள் ஓடிவிடுகிறான். “உன் அம்மாவுக்கு வேலைதான் பெரிது” என்று அத்தை அவனிடம் சொன்னதை என் காதாலேயே கேட்டேன். நானும் பொறுக்க முடியாமல் ஈப்போவில் இருக்கும் என் அம்மாவிடம் தினமும் தொலைபேசியில் அழுகிறேன். ஆனால் இரவில் என் கையைப் பிடித்துக்கொண்டால்தான் அவனுக்குத் தூக்கம் வருகிறது.

போன வாரம் இரவு ஒன்பதரைக்குக் கணினியை வாங்கி அலமாரியில் வைத்தேன். “பாட்டி, அம்மா அடிக்கிறார்கள்!” என்று கத்தினான். நான் அவனைத் தொடவே இல்லை. அத்தை வந்தார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவனை அழைத்துக்கொண்டு போய்க் கணினியையும் எடுத்துக் கொடுத்துவிட்டார். என் கணவர் வரவேற்பறையில்தான் இருந்தார். தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டிக்கொண்டார்.

கூட்டுக் குடும்பத்தில் பிள்ளைகள் நன்றாக வளரும் என்கிறார்கள். என் மகன் கெட்டுப்போகிறானே! தனியாகப் போய்விடலாமா?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் உங்கள் பயத்துக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். உங்கள் மகன் கெட்டுப்போகவில்லை. இரவில் உங்கள் கையைப் பிடித்துக்கொண்டால்தான் தூக்கம் வருகிறது என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்தில் எனக்கு நம்பிக்கை தந்த வரி அது. பகலில் பாட்டியிடம் ஓடுகிறவன் இரவில் உங்களைத் தேடுகிறான். தாயைவிட்டு விலகிப்போன பிள்ளை அப்படித் தேடமாட்டான். அவனுக்கு இரண்டு பேரும் வேண்டும். யாரை இழந்துவிடுவோமோ என்ற தவிப்போடு அவன் நாளை ஓட்டுகிறான். எட்டு வயதுக்கு அது பெரிய பாரம்.

கடிதத்தில் பெரும்பகுதி கணினியைப் பற்றியும் ஊட்டிவிடுவதைப் பற்றியும் இருக்கிறது. அவை சரிசெய்யக்கூடியவை, அவற்றுக்குப் பிறகு வருகிறேன். என்னைக் கவலைப்பட வைத்தது அந்த ஒன்பதரை மணிச் சம்பவம். ஒரு நிமிடம்கூட நீடித்திருக்காது, ஆனால் உங்கள் வீடு முழுவதும் அதில் தெரிகிறது.

அந்த நேரத்தில் அவன் என்ன கற்றுக்கொண்டான் என்று பாருங்கள். அம்மா ஒரு முடிவு எடுத்தார். அது செல்லாது என்று பாட்டி காட்டினார். அப்பாவுக்கு இதில் பேச்சே இல்லை. “அடிக்கிறார்கள்” என்ற ஒரு சொல் போதும், பெரியவர்கள் மூவரும் இடம் மாறி நிற்பார்கள். அவன் பொய் சொன்னான் என்று நீங்கள் மனம் வெதும்பியிருப்பீர்கள், அது நியாயம்தான். ஆனால் அந்தச் சொல்லுக்கு அவ்வளவு பலம் உண்டு என்பதை அவனுக்குச் சொல்லிக்கொடுத்தது உங்கள் வீட்டு நிலவரம். பெரியவர்களை ஆட்டிவைக்க முடிகிற பிள்ளை வெளியே துடுக்காகத் தெரிவான். உள்ளுக்குள் அவன் பயந்துகொண்டிருப்பான். தன்னைப் பார்த்துக்கொள்ள வேண்டியவர்கள் தன் ஒரு கூச்சலுக்கே ஆட்டம் காண்கிறார்கள் என்றால், அவன் யாரை நம்பிச் சாய்வது?

குடும்ப ஆலோசனைத் துறையில் சால்வடோர் மினுச்சின் என்பவர் எங்களுக்கெல்லாம் வழிகாட்டி. அர்ஜென்டினாவில் பிறந்து, அமெரிக்காவில் ஏழைக் குடும்பங்களிடையே நெடுங்காலம் பணியாற்றிய மனநல மருத்துவர், 2017ல் மறைந்தார். பிள்ளையை மட்டும் தனியே உட்காரவைத்துப் பேசாமல் குடும்பத்தையே ஒன்றாக உட்காரவைத்து, யார் யாரோடு சேர்ந்துகொண்டு யாருக்கு எதிராக நிற்கிறார்கள் என்று கவனிக்கும் முறையை வளர்த்தவர். ஒரு பெரியவரும் ஒரு பிள்ளையும் கூட்டுச் சேர்ந்து இன்னொரு பெரியவரை எதிர்க்கும் வீட்டில் பிள்ளைக்குத்தான் சேதம் அதிகம் என்பது அவருடைய அணுகுமுறையின் அடிப்படை. சலுகை கிடைப்பதால் அவன் வென்றதுபோலத் தோன்றும். ஆனால் அவன் நிற்பது அவன் வயதுக்கு மீறிய இடம்.

பாட்டிக்கு ஒரு சட்டம், அம்மாவுக்கு ஒரு சட்டம் என்று இருப்பதே தவறு என்று நீங்கள் நினைக்க வேண்டாம். பிள்ளைகளால் அதைத் தாங்க முடியும். வகுப்பில் ஆசிரியரிடம் ஒரு மாதிரியும் தாத்தாவிடம் ஒரு மாதிரியும் நடந்துகொள்ள மூன்று வயதுக் குழந்தைக்கே தெரியும். பாட்டி கூடுதலாக ஒரு முறுக்கு கொடுப்பதால் எந்தப் பிள்ளையும் வீணாகப் போனதில்லை. பிள்ளையால் தாங்க முடியாதது, “நீ யார் பக்கம்?” என்று கேட்கப்படுவது. “உன் அம்மாவுக்கு வேலைதான் பெரிது” என்று உங்கள் அத்தை சொன்னது அப்படிப்பட்ட கேள்வி. நீங்கள் உங்கள் அம்மாவிடம் தொலைபேசியில் தினமும் அழுவதும் அப்படித்தான். வருத்தப்படாதீர்கள், இதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். ஏழு பேர் வாழும் அடுக்குமாடி வீட்டில் எந்த அறையின் கதவும் அவ்வளவு கனமில்லை. நீங்கள் மெதுவாகப் பேசினாலும் அவன் கேட்கிறான். அந்தப் பேச்சைப் புளோக்கின் கீழ்த்தளத்தில் போய்ப் பேசுங்கள், அல்லது எம்ஆர்டியிலிருந்து இறங்கி நடந்து வரும் வழியில் பேசி முடித்துவிட்டு மேலே ஏறுங்கள்.

இடநெருக்கடியைப் பற்றி ஒரு வார்த்தை. கூட்டுக் குடும்பத்தின் பெருமையைப் பேசும் பலர் ஊரில் இருந்த பழைய வீட்டை மனத்தில் வைத்துக்கொண்டு பேசுகிறார்கள். அங்கே திண்ணை இருந்தது, முற்றம் இருந்தது, கோபித்துக்கொண்டு போய் உட்காரக் கொல்லைப்புறம் இருந்தது. மாமியாருக்கும் மருமகளுக்கும் பேச்சுவார்த்தை இல்லாத நாட்களில்கூட ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்காமல் பொழுதைக் கழித்துவிடலாம். வீவக எனப்படும் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் ஐந்தறை வீடு என்பது சுமார் 110 சதுர மீட்டர், மூன்று படுக்கையறை, இரண்டு குளியலறை. பெரியவர்களுக்கு ஒன்று, கொழுந்தனுக்கு ஒன்று, மீதி ஒன்றில் நீங்கள் நால்வரும் படுக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். உங்கள் கோபத்தில் ஒரு பங்கு மனிதர்களால் வந்தது என்றால் இன்னொரு பங்கு சுவர்களால் வந்தது. இதைப் பிரித்துப் பார்த்தால் அத்தை மீது உள்ள கசப்பு கொஞ்சம் குறையும்.

இப்போது அத்தையின் பக்கம் வருகிறேன். அவரிடமிருந்து எனக்குக் கடிதம் வரவில்லை. ஆனால் அவரைப் போன்ற பல பாட்டிமார்கள் என் அறையில் உட்கார்ந்து பேசியிருக்கிறார்கள். யீஷூனில் அவருக்குச் சொந்தமாக ஓர் அடுப்படி இருந்தது. எதிர்வீட்டுக்காரர் இருந்தார். ஈரச்சந்தையில் முகம் தெரிந்த காய்கறிக்காரர் இருந்தார். ஒருவேளை வெள்ளிக்கிழமை மாலைகளில் புனிதமரம் ஸ்ரீ பாலசுப்பிரமணியர் ஆலயத்துக்குப் போய்வருகிற பழக்கமும் இருந்திருக்கலாம். 64 வயதில் அதையெல்லாம் விட்டுவிட்டு மகன் வீட்டுக்கு வந்தார். அங்கே சமையலறை மருமகளுடையது, பிள்ளைகள் மருமகளுடைய பிள்ளைகள். ஆனால் காலை ஏழு மணியிலிருந்து இரவு ஏழு மணி வரை பொறுப்பு முழுவதும் அவருடையது. மாலையில் நீங்கள் களைத்துப்போய் உள்ளே நுழைந்து, “சாப்பிட்டார்களா? எவ்வளவு நேரம் கணினி பார்த்தார்கள்?” என்று கேட்கும்போது அதில் உங்கள் அக்கறை இருக்கிறது. அவர் காதில் அது கணக்குக் கேட்பதுபோல விழுகிறது. பொறுப்பு மட்டும் தன் தலையில், அதிகாரம் வேறொருவர் கையில் என்று உணர்கிற எவரும் தனக்குக் கிடைக்கிற ஒரே அதிகாரத்தை விடாமல் பிடித்துக்கொள்வார்கள். அவருக்குக் கிடைத்த அதிகாரம் உங்கள் மகனின் பாசம்.

அந்தக் கணினியையும் இந்த வெளிச்சத்தில் பாருங்கள். முழங்கால் வலியோடு ஒரு நான்கு வயதுக் குழந்தையின் பின்னால் சோற்றுக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு ஓட அவரால் முடியவில்லை. கணினியை வைத்தால் குழந்தை ஒரே இடத்தில் உட்கார்ந்து இருபது நிமிடத்தில் சாப்பிட்டு முடிக்கிறது. உங்கள் சொல்லை மீற வேண்டும் என்று அவர் திட்டம் போடவில்லை. அவருக்கு உடம்பு முடியவில்லை. நீங்கள் எவ்வளவு விளக்கினாலும் இந்தக் களைப்பு குறையாதவரை அந்தக் கணினி திரும்பத் திரும்ப வெளியே வரும்.

பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது முதியவர்களுக்கு நல்லதா என்று பலர் கேட்கிறார்கள். அளவோடு பார்த்துக்கொண்டால் நல்லது. பெர்லினில் 70 வயதுக்கு மேற்பட்டவர்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஓர் ஆய்வில், அவ்வப்போது பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டவர்கள் அப்படிச் செய்யாதவர்களைவிட நீண்டகாலம் வாழ்ந்ததாகத் தெரியவந்தது. ‘அவ்வப்போது’ என்பதைக் கவனியுங்கள். வாரத்தில் ஐந்து நாள், நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரம் என்பது அந்தக் கணக்கில் வராது. அது முழுநேர வேலை. 67 வயதில் யாரும் அதைச் செய்ய வேண்டியதில்லை.

ஆகவே செய்ய வேண்டிய முதல் வேலை அத்தையின் மணிக்கணக்கைக் குறைப்பது. மகளை முழுநாள் பராமரிப்புக்கு மாற்ற முடியுமா என்று பாருங்கள். பிள்ளை சிங்கப்பூர்க் குடிமகளாக இருந்து தாய் வேலைக்குப் போகிறவராக இருந்தால் முழுநாள் பராமரிப்புக்கு மாதம் 300 வெள்ளி வரை அடிப்படை மானியம் உண்டு. குடும்ப வருமானத்தைப் பொறுத்துக் கூடுதல் மானியமும் கிடைக்கலாம். இதை அத்தையிடம் சொல்லும் விதம் முக்கியம். “உங்களால் பார்க்க முடியவில்லை” என்று அவர் காதில் விழுந்துவிடக் கூடாது. “உங்கள் முழங்காலுக்கு ஓய்வு வேண்டும், மதியத்தில் நீங்கள் கொஞ்சம் படுக்க வேண்டும்” என்று சொல்லுங்கள். அது உண்மையும்கூட.

இன்னொன்று. வேலைக்குப் போகும் தாய்மார்களுக்கு, பிள்ளைகளைத் தாத்தா பாட்டி பார்த்துக்கொள்வதற்காக வருமான வரியில் 3,000 வெள்ளிக் கழிவு உண்டு. நிபந்தனைகள் உங்களுக்குப் பொருந்தினால் நீங்கள் ஏற்கெனவே அதைக் கோரிக்கொண்டிருப்பீர்கள், கணக்காளர் அல்லவா! அந்தக் கழிவு அவருடைய உழைப்பின் பெயரால் உங்களுக்குக் கிடைப்பது. அப்படி ஒன்று இருக்கிறது என்று வீட்டில் யாராவது அவரிடம் சொன்னீர்களா? இந்த நாடு அவருடைய வேலையை ஒரு வேலையாக மதித்து வரிப்படிவத்தில் இடம் கொடுத்திருக்கிறது. அந்த மதிப்பை வீட்டிலும் அவர் காதாரக் கேட்க வேண்டும். மாதாமாதம் அவர் கையில் ஒரு தொகையை, செலவுக்கணக்கு கேட்காமல், உங்கள் கணவர் கொடுக்கட்டும்.

அடுத்த சில பத்திகளை உங்கள் கணவரிடம் காட்டுங்கள். அவை அவருக்கு எழுதியவை.

சகோதரரே, நீங்கள் தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டியதை நான் கல்நெஞ்சம் என்று நினைக்கவில்லை. தாய்க்கும் மனைவிக்கும் நடுவில் எதைச் சொன்னாலும் ஒருவர் கண் கலங்கும் என்ற பயத்தில் பல ஆண்கள் வாயை மூடிக்கொள்கிறார்கள். அப்படி இருப்பதே நடுநிலை என்றும் நம்புகிறார்கள். ஆனால் உங்கள் மௌனத்துக்கும் வீட்டில் ஒரு பொருள் இருக்கிறது. உங்கள் மனைவிக்கு அது “நீ தனி” என்று கேட்கிறது. உங்கள் அம்மாவுக்கு “நீங்கள் செய்வது சரி” என்று கேட்கிறது. உங்கள் மகனுக்கு எப்படிக் கேட்கிறது என்பதுதான் எனக்குப் பெரிய கவலை: ஓர் ஆண், வீட்டில் தகராறு வந்தால் எழுந்து வரமாட்டான் என்று அவன் எட்டு வயதில் தெரிந்துகொள்கிறான்.

உங்கள் அம்மாவிடம் பேச வேண்டியவர் நீங்கள். மருமகள் சொன்னால் குறையாகத் தெரிவது மகன் சொன்னால் முடிவாகத் தெரியும். முதலில் மனைவியோடு உட்கார்ந்து எவற்றில் விட்டுக்கொடுக்க முடியாது என்று இருவரும் ஒருமனதாக முடிவுசெய்யுங்கள். சில விஷயங்கள் போதும். தூங்கும் நேரம், திரை பார்க்கும் நேரம், உடல்நலமும் மருந்தும், பிள்ளைகள் காதுபட ஒருவரைப் பற்றி இன்னொருவர் குறைசொல்லாமை. இவற்றில் பெற்றோர் சொல்வதே முடிவு. சாப்பாட்டில் என்ன குழம்பு, தலைக்கு என்ன எண்ணெய், எந்தச் சாமிக்கு என்ன பாட்டு, எந்த நாளில் என்ன பலகாரம், இவையெல்லாம் பாட்டியின் ஆட்சி. அதில் நீங்கள் இருவரும் தலையிடவே கூடாது. எல்லாவற்றிலும் சட்டம் போட்டால் எதுவும் நிற்காது.

பேசுவதற்கு நேரம் பாருங்கள். சண்டை நடந்த இரவில் வேண்டாம். சனிக்கிழமை காலை அம்மாவைச் சந்தைக்கு அழைத்துப்போங்கள். திரும்பும் வழியில் ஒரு கடையில் உட்கார்ந்து தேநீர் வாங்கிக்கொடுத்துவிட்டுச் சொல்லுங்கள்: “அம்மா, நீங்கள் இல்லையென்றால் இந்த மூன்று வருடத்தை நாங்கள் ஓட்டியிருக்க முடியாது. பிள்ளைகள் விஷயத்தில் நாங்கள் இருவரும் சேர்ந்து ஒரு முடிவு எடுத்திருக்கிறோம். சாப்பிடும்போதும் தூங்கப்போகும் முன்பும் கணினி வேண்டாம். அவள் ஒன்றை எடுத்து வைத்தால் நானே எடுத்து வைத்ததாக நினைத்துக்கொள்ளுங்கள்.” “அவள் சொல்கிறாள்” என்று ஒருமுறைகூட உங்கள் வாயிலிருந்து வரக் கூடாது. “நாங்கள்” என்று சொல்லுங்கள். அம்மா வருத்தப்படுவார், ஒருவேளை அழுவார், இரண்டு நாள் பேசாமலும் இருப்பார். அதைத் தாங்கிக்கொள்ளுங்கள், முடிவை மாற்றாதீர்கள். அந்த இரண்டு நாளும் அவர் அருகிலேயே இருங்கள். அவருக்கு உங்களை இழந்துவிட்டோம் என்ற எண்ணம் வரக் கூடாது.

சகோதரி, இனி உங்களுக்கு. சுகாதார அமைச்சு 2025 ஜனவரியில் புதுப்பித்த வழிகாட்டி உங்களுக்குத் துணையாக இருக்கும். 18 மாதம் முதல் 6 வயது வரையுள்ள பிள்ளைகளுக்குப் பள்ளியில் பார்ப்பது போக நாளுக்கு ஒரு மணி நேரத்துக்குள், 7 முதல் 12 வயது வரை இரண்டு மணி நேரத்துக்குள் திரை நேரம் இருக்க வேண்டும் என்கிறது அது. சாப்பாட்டு வேளையிலும் தூங்கும் முன் ஒரு மணி நேரத்திலும் திரை வேண்டாம் என்றும் சொல்கிறது. அதைத் தமிழில் பெரிய எழுத்தில் எழுதிக் குளிர்பதனப் பெட்டியில் ஒட்டுங்கள். மாமனாரையே எழுதச் சொன்னால் இன்னும் நல்லது. மருமகளின் பிடிவாதம் என்பதிலிருந்து அது வீட்டின் விதியாக மாறிவிடும், தாத்தா அதற்குக் காவலராகவும் ஆகிவிடுவார்.

ஊட்டிவிடுவதைப் பற்றி நான் உங்கள் அளவுக்குக் கவலைப்படவில்லை. வார நாட்களில் அவன் தன் தட்டைத் தானே எடுத்துப்போட்டுக்கொண்டு சாப்பிடட்டும். ஞாயிற்றுக்கிழமை மதியம் பாட்டி ஒரு பெரிய சட்டியில் சாதத்தைப் பிசைந்து உருட்டி, சுற்றி உட்கார்ந்திருக்கும் எல்லாருடைய கையிலும் வைக்கட்டும், உங்கள் கையிலும். அந்தப் பாசத்துக்கு ஒரு நாளும் இடமும் கொடுத்துவிட்டால் அது மற்ற நாட்களில் சண்டையாக வெளிப்படாது.

மறுபடியும் ஒன்பதரை மணி வரும். அவன் மறுபடியும் பாட்டியிடம் ஓடுவான். அப்போது அவனைப் பிடித்து இழுக்காதீர்கள், பின்னாலேயே போய் வாதாடாதீர்கள். “பாட்டியிடம் போய்க் கொஞ்ச நேரம் அழுதுவிட்டு வா. கணினி இன்றைக்குக் கிடையாது” என்று சொல்லிவிட்டு அங்கேயே நில்லுங்கள். மடி வேறு, தீர்ப்பு வேறு. பாட்டி அவனைக் கட்டிக்கொள்ளலாம், கண்ணைத் துடைத்துவிடலாம், ஒரு கதை சொல்லலாம். அலமாரியை மட்டும் திறக்கக் கூடாது. கண்டிப்பு ஓர் இடத்திலும் ஆறுதல் இன்னோர் இடத்திலும் கிடைப்பது பிள்ளைக்கு வரம். தனிக்குடித்தனத்தில் வளரும் பிள்ளை, தன்னைத் திட்டிய அம்மாவிடமேதான் ஆறுதலுக்கும் போக வேண்டும். உங்கள் மகனுக்கு இன்னொரு மடி இருக்கிறது. அதை அவனிடமிருந்து பறித்துவிடாதீர்கள்.

“வேலைதான் பெரிது” என்ற பேச்சை அவன் உங்களிடம் திருப்பிச் சொன்னால், பாட்டி பொய் சொல்கிறார் என்று சொல்ல வேண்டாம். “எனக்கு வேலையும் வேண்டும், நீயும் வேண்டும். பாட்டிக்கு இன்று ரொம்பக் களைப்பு” என்று மட்டும் சொல்லுங்கள். உங்களிடமிருந்து இன்னொரு குற்றச்சாட்டு வரும் என்று எதிர்பார்த்து நிற்பவனுக்கு அது வராமல் போவது பெரிய நிம்மதி.

கூட்டாக வாழ்வதால் உங்கள் பிள்ளைகளுக்குக் கிடைப்பதையும் எண்ணிப்பாருங்கள், ஏனென்றால் கோபத்தில் அது கண்ணில் படாது. 2010ல் சிங்கப்பூரில் ஒரு குடும்பத்தின் சராசரி அளவு 3.5 பேர், 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அது 3.22. பல பிள்ளைகள் பள்ளி முடிந்து பராமரிப்பு நிலையத்துக்கோ பணிப்பெண்ணிடமோ போகிறார்கள். உங்கள் மகன் இரண்டு மணிவாக்கில் வரும்போது, அன்று அவன் முகம் வாடியிருந்தால் கண்டுபிடித்துவிடக்கூடிய ஒருவர் கதவைத் திறக்கிறார். கை, கால், வாய்ப் புண் நோய் வந்து பாலர்பள்ளிக்கு அனுப்ப முடியாத வாரங்களில் நீங்கள் முதலாளியிடம் கெஞ்ச வேண்டியதில்லை. பிறகு மொழி. வீட்டில் அதிகம் பேசும் மொழி ஆங்கிலம் என்று சொன்னவர்கள் 2010ல் 32.3 விழுக்காடு, 2020ல் 48.3 விழுக்காடு. தமிழ் வகுப்பில் மட்டும் தமிழ் கேட்கும் பிள்ளைக்கு அது ஒரு பாடம். காலையில் பல் தேய்ப்பதிலிருந்து இரவுக் கதை வரை தமிழில் கேட்கும் பிள்ளைக்கு அது கோபப்படவும் கொஞ்சவும் உதவுகிற மொழி. எந்தத் துணைப்பாட வகுப்பாலும் அதைக் கொடுக்க முடியாது, உங்கள் மாமனார் மாமியார் சம்பளம் வாங்காமல் கொடுக்கிறார்கள்.

ஆனால் பிள்ளைகளுக்கு நல்லது என்பதற்காகக் கணவன் மனைவி இருவரும் உள்ளுக்குள் வற்றிப்போக வேண்டியதில்லை. பிள்ளைகளும் ஒரே அறையில் படுத்தால் நீங்கள் இருவரும் எப்போது பேசிக்கொள்வீர்கள்? பேசாததால்தான் அவர் தொலைக்காட்சியிடம் போகிறார், நீங்கள் ஈப்போவுக்கு அழைக்கிறீர்கள். வாரத்தில் இரண்டு இரவு, பிள்ளைகள் தூங்கிய பிறகு, இருவரும் செங்காங் ஆற்றோரப் பூங்கா வரை நடந்துவிட்டு வாருங்கள். வீட்டில் பெரியவர்கள் இருப்பதால்தான் அது முடிகிறது. கூட்டுக் குடும்பம் பெற்றோருக்குத் தரும் பெரிய வசதியே இதுதான், பலர் அதைப் பயன்படுத்துவதே இல்லை. வெளியே போனால் மாமியார் என்ன நினைப்பார் என்ற தயக்கம் வேண்டாம். மகனே சொல்லிவிட்டுப் புறப்படட்டும்.

கொழுந்தனைப் பற்றி நீங்கள் எதுவும் குறைசொல்லவில்லை. பையன் சித்தப்பாவிடம் ஒட்டுதலாக இருந்தால், ஞாயிறு மாலை பந்து விளையாட அழைத்துப்போகும் பொறுப்பை அவரிடம் கொடுங்கள்.

தனியாகப் போவதைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அது பாவமும் இல்லை, பெரியவர்களைக் கைவிடுவதும் ஆகாது. அருகில் தனித்தனியாக வாழ்வதும் ஒரு நல்ல ஏற்பாடுதான். பெற்றோரோடு சேர்ந்து வாழ மறுவிற்பனை வீடு வாங்கும் தகுதியுள்ள குடும்பங்களுக்கு 30,000 வெள்ளியும், நான்கு கிலோமீட்டருக்குள் வாங்கினால் 20,000 வெள்ளியும் அருகாமை வீட்டு மானியம் கிடைக்கும். 55 வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள் குறுகிய குத்தகைக் காலத்தில் ஈரறை ஃபிளெக்ஸி எனப்படும் சிறிய வீட்டை வாங்க முடியும். சேர்ந்தே இருக்க விரும்பினால் நான்கு படுக்கையறையும் மூன்று குளியலறையும் உள்ள மூன்று தலைமுறை வீடுகளும் இருக்கின்றன. முன்பு வாங்கிய வீடு, பெற்ற மானியம் ஆகியவற்றைப் பொறுத்து விதிகள் மாறும் என்பதால் வீவகவிடம் நேரில் கேட்டுவிடுங்கள்.

ஆனால் இப்போதே வேண்டாம் என்று சொல்வேன். மேலே சொன்னவற்றை ஓர் ஆறு மாதம் செய்து பாருங்கள். உங்கள் கணவர் பேசப் பழகாமல் நீங்கள் பொங்கோலுக்குப் போனாலும் பிரச்சினை பின்னாலேயே வரும். அத்தை தொலைபேசியில் அழைப்பார், உங்கள் கணவர் அங்கேயும் சத்தத்தைக் கூட்டிக்கொள்வார். அவர் பேசப் பழகிவிட்டால், சேர்ந்திருப்பதா பிரிந்திருப்பதா என்பதை நீங்கள் கோபமில்லாமல் முடிவுசெய்யலாம். பேச்சு தொடங்கவே முடியவில்லை என்றால் அருகில் உள்ள குடும்பச் சேவை நிலையத்துக்குப் போங்கள். சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கமான சிண்டாவிலும் குடும்பச் சேவை நிலையம் இருக்கிறது, உங்கள் அத்தை தமிழில் மனம்விட்டுப் பேச அது உதவும். யாராவது யாரையாவது அடிப்பது, மிரட்டுவது, பணத்தைப் பிடுங்கிவைப்பது என்ற நிலை வந்தால் மட்டும் ஆறு மாதமெல்லாம் காத்திருக்கக் கூடாது. 1800-777-0000 என்ற தேசிய வன்முறைத் தடுப்பு உதவி எண்ணை எந்த நேரத்திலும் அழைக்கலாம்.

கடைசியாக உங்கள் மகளைப் பற்றி. இவ்வளவு நீண்ட கடிதத்தில் அவளுடைய வயதையும் பள்ளியையும் தவிர வேறெதுவும் இல்லை. பெரியவர்கள் ஒரு பிள்ளையை நடுவில் வைத்து மல்லுக்கட்டும் வீட்டில் அடுத்த பிள்ளை பெரும்பாலும் சத்தமில்லாமல் வளரும். தொல்லை தராத பிள்ளை என்று எல்லாரும் நிம்மதியாக இருப்பார்கள். அவள் சரியாகப் பேசுகிறாளா, தனக்கு வேண்டியதைக் கேட்கிறாளா, அண்ணன் கத்தும்போது எங்கே போய் நிற்கிறாள் என்று இந்த வாரம் கவனியுங்கள். சனிக்கிழமை மாலை ஒருமணி நேரம் அவளை மட்டும் தனியாக விளையாட்டுத் திடலுக்கு அழைத்துப்போங்கள். அடுத்த கடிதத்தில் அவளைப் பற்றியும் எழுதுங்கள்.